நியூமோனியா, நீரிழிவு: மரணப் பட்டியல்கள் கேட்காத ஒரு கேள்வி

2021ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் எனக்கு இரவில் ஒரே வேலைதான். அரசாங்கத் தகவல் திணைக்களம் அனுப்பும் கொவிட் மரண அறிக்கையை எடுத்து, ஊர்ப் பெயர்களைச் சரிபார்த்து, அப்போது நான் எழுதிக்கொண்டிருந்த இணையத்தளமொன்றுக்குச் செய்தியாக்கி அனுப்ப வேண்டும். தொடக்கத்தில் அந்த அறிக்கைகளில் இறந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வரிகள் இருந்தன. வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர், எங்கே இறந்தார், காரணம் என்ன என்று தனித்தனியாகச் சொல்லியிருப்பார்கள். எண்ணிக்கை கூடிய பிறகு அது சாத்தியப்படவில்லை. ஊர்கள் ஒரு பந்தியிலும் வயதுகள் இன்னொன்றிலும் நோய்கள் வேறொன்றிலும் என்று ஒன்றாகக் கட்டிவிட்டார்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு இரவு அந்தப் பந்திகளுக்குள் எனது பெரியம்மாவைத் தேடினேன். கிளிநொச்சி என்ற சொல்லில் கொஞ்சம் இருந்தார். அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் என்ற கணக்கில் ஒருவராக இருந்தார். காரணங்களின் வரிசையில் ‘கொவிட் நியூமோனியா, நீரிழிவு’ என்று இருந்தது அவரா, வேறு யாருமா என்று தெரியவில்லை. செய்தியை வழமைபோல எழுதி அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

அந்த வரிசையில் பொய் எதுவும் இல்லை. பெரியம்மாவுக்கு 67 வயது. பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். கொவிட் வந்து நுரையீரல் பழுதாகித்தான் இறந்தார். ஆனால், அவர் ஏன் இறந்தார் என்று எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் அந்த மூன்று சொற்களைச் சொல்ல மாட்டார்கள். ‘பிந்திக் கொண்டுபோனது’ என்பார்கள். இந்த இரண்டு விடைகளுக்கும் நடுவில் இருப்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். வடக்கில் மழைக்காலம் வந்தால் இப்போதும் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக ஆட்கள் வாட்டுகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

‘அடிப்படை நோய்கள்’ என்ற சொல்லை அந்தக் காலத்தில்தான் நாம் எல்லோரும் கற்றுக்கொண்டோம். நாட்டின் முதலாவது கொவிட் மரணம் 2020 மார்ச் 28இல் பதிவானது. இறந்தவர் அறுபது வயதளவிலான ஆண். அவருக்கு நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் இருந்தன என்று அன்றே சொல்லப்பட்டது. அதிலிருந்து ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு வால் இருந்தது. மருத்துவர்களுக்கு அது தேவையான தகவல். செய்தி வாசித்த எங்களுக்கோ அது ஒரு ஆறுதலாக மாறிப்போனது. எனக்குச் சீனி இல்லை, ஆகவே எனக்குப் பயமில்லை. இறந்தவர் ஏற்கெனவே வருத்தக்காரர், ஆகவே யாரையும் கேள்வி கேட்கத் தேவையில்லை. ஊடகக் கற்கை படித்தவள் என்ற வகையில் இதை அப்போதே பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. நானும் அந்த வாலை ஒட்டித்தான் அனுப்பினேன்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று பின்னர்தான் ஆறுதலாக இருந்து வாசித்தேன். இங்கிலாந்தில் ஏறத்தாழ 1 கோடி 70 லட்சம் வளர்ந்தவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து ‘ஓப்பன்சேஃப்லி’ குழுவினர் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. வயதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய காரணி என்று அது காட்டியது. ஐம்பதுகளில் இருக்கும் ஒருவருடன் ஒப்பிட்டால், எண்பது தாண்டியவர் கொவிட்டால் இறக்கும் ஆபத்து இருபது மடங்குக்கும் அதிகம். பெண்களை விட ஆண்களுக்கு ஆபத்து கூட. சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்தவர்களுக்கு இரண்டரை மடங்களவு.

நீரிழிவு பற்றிய பகுதியில்தான் நான் நின்றேன். நீரிழிவு இருப்பது ஒன்று, அது கட்டுப்பாட்டில் இல்லாமல் இருப்பது இன்னொன்று என்று அந்த ஆய்வு பிரித்துப் பார்க்கிறது. சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்களுக்கு ஆபத்து மூன்றில் ஒரு பங்களவே கூடியது. கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு ஏறக்குறைய இரட்டிப்பானது. வறிய பகுதிகளில் வாழ்ந்தவர்களுக்கு, மற்ற நோய்களையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும், வசதியான பகுதியினரை விட ஆபத்து கூடவே இருந்தது. எங்களுடைய பட்டியல்களில் ‘நீரிழிவு’ என்று ஒரு சொல்தான் இருக்கும். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய் மருந்தெடுத்தவரும், பயணத்தடையால் இரண்டு மாதம் மருந்தில்லாமல் இருந்தவரும் அந்தச் சொல்லுக்குள் ஒன்றுதான்.

அது பொதுசனம் முழுவதையும் வைத்துச் செய்த கணக்கு. வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட பிறகு யார் பிழைப்பார், யார் இறப்பார் என்பதற்குத் தனியான கணக்கு ஒன்று இருக்கிறது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் 260 வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்ட நோயாளர்களின் தரவுகளிலிருந்து உருவாக்கிய ‘4சி மரணப் புள்ளி’ அது. 2020 செப்டெம்பரில் வெளியானது. எட்டு விடயங்களைப் பார்த்துப் புள்ளி போட வேண்டும். அதிகூடிய புள்ளி 21. மூன்றும் அதற்குக் கீழும் என்றால் இறப்பவர் நூற்றுக்கு ஒருவரளவு. நான்கிலிருந்து எட்டு வரை என்றால் பத்துப் பேர். ஒன்பதிலிருந்து பதினான்கு என்றால் முப்பதுக்குச் சற்று மேல். பதினைந்தும் அதற்கு மேலும் என்றால் அறுபதுக்கும் மேல்.

புள்ளிகள் எதற்கு எவ்வளவு என்று பாருங்கள். எண்பது வயதுக்கு ஏழு புள்ளி. அறுபதுகளில் இருந்தால் நான்கு. ஆண் என்றால் ஒன்று. நாங்கள் ஒவ்வொரு இரவும் எழுதிய ‘அடிப்படை நோய்கள்’ எத்தனை இருந்தாலும் அதிகபட்சம் இரண்டு புள்ளிதான். பட்டியல்களில் அடிக்கடி கண்ட உயர் குருதி அமுக்கம் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவேயில்லை. மிச்சமுள்ள பதினொரு புள்ளியும் வாசலுக்கு வரும்போது ஆள் எந்த நிலையில் இருக்கிறார் என்பதற்கானவை. நிமிடத்துக்கு எத்தனை தரம் மூச்சு விடுகிறார், இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு, நினைவு தெளிவாக இருக்கிறதா என்பவற்றுக்கு ஆறு. இரத்தப் பரிசோதனையில் யூரியாவுக்கும் அழற்சியைக் காட்டும் சீஆர்பிக்கும் ஐந்து.

பெரியம்மாவுக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். செய்யக்கூடாத வேலை. இது வீட்டுக்காரர் பாவிப்பதற்குச் செய்ததல்ல. தடுப்பூசி வருவதற்கு முந்திய காலத்து, வேறொரு நாட்டுத் தரவில் செய்தது. தனியாளின் விதியை இது சொல்வதுமில்லை. இருந்தாலும் போட்டேன். வயதுக்கு நான்கு, நீரிழிவுக்கு ஒன்று, ஆக ஐந்து. காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் அவர் எழும்பி நடந்து, தேத்தண்ணி போட்டுக் குடித்தவர். அன்றைக்குப் போயிருந்தால் ஏறக்குறைய அந்த ஐந்துடன்தான் போயிருப்பார். எட்டாம் நாள் கொண்டுபோனபோது ஒட்சிசன் 78, மூச்சு நிமிடத்துக்கு 34, ஆளை அடையாளம் பிடிக்கவில்லை. அதற்கு ஆறு. இரத்த ரிப்போர்ட் எங்கள் கைக்கு வரவில்லை. அது இல்லாமலே பதினொன்று.

முந்திப் போயிருந்தால் உறுதியாகத் தப்பியிருப்பாரா என்றால், அந்த வாதம் அவ்வளவு நேரானதல்ல. சிலருக்கு வாட்டிலேயே இருந்தாலும் நோய் முற்றத்தான் செய்யும். ஆனால் அந்த நேரத்தில் கொடுக்க ஒரு மருந்து இருந்தது. டெக்சாமெதசோன். பழைய, மலிவான மருந்து. இங்கிலாந்தின் ‘ரிக்கவரி’ பரிசோதனை 2020 ஜூனில் அறிவித்த முடிவின்படி, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை அது மூன்றில் ஒன்றளவும், ஒட்சிசன் மட்டும் தேவைப்பட்டவர்களின் மரணத்தை ஐந்தில் ஒன்றளவும் குறைத்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை. அதாவது, ஒட்சிசன் இறங்கத் தொடங்கும் அந்த ஒன்றிரண்டு நாட்களில் ஆள் எங்கே இருக்கிறார் என்பதுதான் விடயம். கொவிட்டில் ஒட்சிசன் இறங்குவது பலருக்கு வெளியில் தெரியவும் இல்லை. கதைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று விழுந்தார் என்று அந்த நாட்களில் எத்தனை வீடுகளில் கேட்டிருப்போம்.

பெரியம்மா அந்த நாட்களில் வீட்டுக்குள் இருந்தார். ஏன் இருந்தார் என்பது எந்த மருத்துவ அறிக்கையிலும் இல்லை.

நான்காம் நாள் தொலைபேசியில் கதைத்தபோது கேட்டேன். “பெரியம்மா, ஆஸ்பத்திரிக்குப் போங்கோவன்.”

“போனா பிசிஆர் எடுப்பாங்கள் பிள்ளை. பிறகு ஆமி வந்து இந்தச் சின்னனுகளையும் ஏத்திக்கொண்டு போவான். திரும்பவும் ஒரு முகாமுக்கு என்னால போக ஏலாது.”

அவர் 2009இல் செட்டிகுளத்தில், மெனிக் பாமில் இருந்தவர். கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேரைக் கம்பிக்குள் வைத்திருந்த காலம். மருமகன் அந்த வருடத்தில் இல்லாமல் போனவர். மகளையும் பேரப்பிள்ளைகள் இருவரையும் வைத்துக்கொண்டு மீள்குடியேறியவர். அப்படியான ஒருவரிடம், தனிமைப்படுத்தல் நிலையம் என்பது சுகாதார ஏற்பாடு, பயப்படத் தேவையில்லை என்று தொலைபேசியில் விளங்கப்படுத்த முடியுமா? நான் முயற்சி செய்தேன். எடுபடவில்லை.

அந்தப் பயத்தை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. கொவிட் பரவலைத் தடுப்பதற்கான தேசிய செயற்பாட்டு மையத்துக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டவர் அன்றைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வா. இறுதிப் போரில் 58ஆவது படையணியை நடத்தியவர். 2020 பெப்ரவரியில் அமெரிக்கா அவருக்குப் பயணத்தடை விதித்தது. அடுத்த மாதமே அவர்தான் தொற்றுநோய்க் கட்டுப்பாட்டின் முகம். தனிமைப்படுத்தல் நிலையங்களை நடத்தியதும் ஆட்களை ஏற்றிப்போனதும் படையினர். தெற்கில் ஒருவர் இதைத் திறமையான நிர்வாகம் என்று பார்த்திருக்கலாம். வன்னியில் வாசலில் வந்து நிற்கும் இராணுவ வாகனம் வேறு பொருள் கொண்டது. நோய் வந்தவரை நோயாளியாகப் பார்க்காமல் குற்றவாளியாகப் பார்க்கும் பழக்கத்தையும் நாமே வளர்த்தோம். 2020 மார்ச்சில் அரியாலையில் நடந்த ஆராதனையோடு தொடர்புபட்டவர்களைப் பற்றி நமது ஊடகங்களும் முகநூலும் எழுதிய விதத்தைப் பார்த்த எவரும், தனக்குக் காய்ச்சல் என்று வாய் திறந்திருக்க மாட்டார்.

முஸ்லிம் மக்களின் பயம் இதைவிடக் கொடியது. இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11இல் வர்த்தமானி வெளியானது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் அது பத்து மாதத்துக்கு மேல் நீடித்தது. பிறந்து இருபது நாளேயான குழந்தையையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் விதி மாறியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் உடல்கள் அடக்கப்பட்டன. வைத்தியசாலைக்குப் போய் இறந்தால் உடலை எரித்துவிடுவார்கள் என்று தெரிந்த ஒருவர், மூச்சு முட்டும்போது எத்தனை மணித்தியாலம் யோசித்திருப்பார்? 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. பிந்திப் போனதால் இறந்தவர்களை அந்த மன்னிப்புக்குள் யாரும் எண்ணவில்லை.

பயம் தெளிந்த பிறகும் பாதை இருந்தது. எட்டாம் நாள் காலை பெரியம்மாவைக் கொண்டுபோக முடிவெடுத்தபோது நாடு முழுவதும் பயணத்தடை. பஸ் இல்லை. அயலில் ஓட்டோ வைத்திருந்தவர் கொவிட் ஆள் என்றதும் பின்வாங்கினார். அவரையும் குறைசொல்ல முடியாது, அவர் வீட்டிலும் முதியவர்கள். 1990 அம்புலன்ஸ் வந்தது, ஆனால் அதற்கு அழைக்கலாம் என்று தங்கச்சிக்கு யோசனை வந்ததே பத்து மணிக்குப் பிறகு. போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. வைத்தியசாலையில் ஒட்சிசன் உடனே கொடுத்தார்கள், தாதியர் ஓடியோடிப் பார்த்தார்கள். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் இருக்கவில்லை. இரண்டு நாள்.

அவருக்குத் தடுப்பூசியும் கிடைத்திருக்கவில்லை. இதையும் ‘அடிப்படை நோய்’க்குள் போட முடியாது. 2021 பெப்ரவரியில் மேல் மாகாணத்தில் பொதுமக்களுக்கு ஊசி போடத் தொடங்கியபோது 30 தொடக்கம் 60 வயது வரையானவர்களுக்கு முன்னுரிமை என்றார்கள். வயதுதான் முதலாவது ஆபத்து என்று உலகம் முழுவதும் தெரிந்த பிறகு, முதியவர்களைப் பின்னுக்கு வைத்த முடிவு அது. வடக்கில் யாழ்ப்பாணத்துக்கு மே மாத இறுதியில்தான் பொதுமக்களுக்கான ஊசி வந்தது. ஓகஸ்ட் கடைசியில் நாளொன்றுக்கு 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பான்மையானவர்கள் அறுபது தாண்டியவர்கள். மொத்தமாக 16,800 பேருக்கு மேல்.

போர் நடந்த மண்ணில் ஆபத்துக் காரணிகளை எழுதுவதானால் வெளிநாட்டு ஆய்வுகளில் இல்லாத சிலவற்றையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். முள்ளந்தண்டு வடத்தில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழ் இயங்காமல் இருப்பவர்கள் இங்கே நிறைய. காயம் மேலே இருக்க இருக்க இருமும் தசைகள் பலவீனமாகும். சளியை வெளியே தள்ள ஏலாது. சாதாரண தடிமனே அவர்களுக்கு நியூமோனியாவாக மாறலாம். நெஞ்சில் செல் துண்டோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோயும் இருக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் அல்லது மண்ணுக்குள் என்று தனித்துப்போன முதியவர்கள் இருக்கிறார்கள். இரவில் மூச்சு முட்டினால் பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்கும் தூரத்தில் ஆள் இல்லை. இது எந்தப் புள்ளிக் கணக்கிலும் வராது, ஆனால் இதுவும் ஆளைக் கொல்லும்.

கொவிட் போய்விட்டது, இதை ஏன் இப்போது கிளறுகிறாய் என்று ஒரு நண்பர் கேட்டார். 2024 டிசம்பரை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகச் சில நாட்களுக்குள் ஏழு பேர் இறந்தார்கள். புது வைரஸ் என்று வதந்தி பறந்தது. பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. அது பக்டீரியா, மருந்து இருக்கிற நோய். இருபது வயதுக்காரரும் இறந்தவர்களுக்குள் இருந்தார். அங்கே ‘அடிப்படை நோய்’ என்று சொல்லித் தப்ப வழியில்லை. காய்ச்சலோடு வீட்டிலிருந்த நாட்கள்தான் கணக்கு.

இன்புளுவென்சா இலங்கையில் வருடத்துக்கு இரண்டு தரம் தலைதூக்கும், ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, நவம்பர் முதல் ஜனவரி வரை இன்னொன்று. முதியவர்கள், கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், சீனி, இருதயம், சிறுநீரகம், ஆஸ்துமா உள்ளவர்கள்தான் அதிலும் மோசமாவது. அதற்கான மருந்து முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். தடுப்பூசி இருக்கிறது, ஆனால் தேசிய அட்டவணையில் இல்லை. பெரும்பாலும் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.

தங்கச்சி இப்போது ஒரு விடயத்தைப் பழகி வைத்திருக்கிறாள். வீட்டில் யாருக்கும் காய்ச்சல் என்றால், நித்திரையில் இருக்கும்போது தொலைபேசி மணிக்கூட்டை வைத்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுகிறாள். வளர்ந்தவருக்கு இருபதைத் தாண்டினால் கவனம், முப்பதை நெருங்கினால் நேரே 1990. கதை தடுமாறினாலும் அப்படித்தான். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியும் வாங்கியிருக்கிறாள், ஆனால் கறுத்த தோலில் அது உள்ளதை விடக் கூட்டிக் காட்டலாம் என்பதால் அதை மட்டும் நம்புவதில்லை. பெரியம்மாவின் கிளினிக் கொப்பிக்குப் பக்கத்தில் அந்தக் கருவி இருக்கிறது.

ஆனால், இதை வீட்டுப் பெண்களின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. இந்த நாட்டுச் சுகாதாரத் துறைக்கு ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. பிள்ளைப்பேற்றில் ஒரு தாய் இறந்தால் அந்த மரணத்தைத் தனியாக விசாரிக்கிறார்கள். மருத்துவக் காரணத்தோடு நிற்பதில்லை. உதவி தேட முடிவெடுப்பதில் தாமதமா, போய்ச் சேர்வதில் தாமதமா, போன பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதமா என்று கேட்கிறார்கள். குடும்பநல உத்தியோகத்தர் அந்த வீட்டுக்குப் போய்க் கதைக்கிறார். தெற்காசியாவில் தாய் மரணம் குறைந்த நாடுகளில் ஒன்றாக இலங்கை இருப்பதற்கு இந்த விசாரணையும் ஒரு காரணம்.

அதே கேள்வியைச் சுவாசத் தொற்று மரணங்களுக்கும் கேட்பதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. மரணப் படிவத்தில், வயது, நோய் என்பவற்றுக்குக் கீழே இரண்டு வரி கூடினால் போதும். காய்ச்சல் தொடங்கி எத்தனையாம் நாள் வந்தார்? அதற்கு முதல் நாள் ஏன் வரவில்லை?

பெரியம்மாவின் படிவத்தில் அந்த இரண்டு வரி இருந்திருந்தால் இப்படி எழுதியிருப்பார்கள்: எட்டாம் நாள். பேரப்பிள்ளைகளை ஏற்றிப்போவார்கள் என்ற பயம்.